உறவுக்கும் வரம்பு வேண்டும்

வயலுக்கு வரம்பு கட்டும்போது பக்கத்து வயற்காரர் எவரும் அதைப் பகை என்று நினைப்பதில்லை. நம் பயிருக்கு வேண்டிய தண்ணீர் நம் வயலில் நிற்கிறது. மிகுதி மடை வழியே அடுத்த வயலுக்குப் போகிறது. வரம்பு உடைந்தால் மேல் வயல் வறள்கிறது, கீழ் வயல் அழுகுகிறது. பிறகு இரு வீட்டாருக்கும் வாய்த்தர்க்கம்.

கேட்டது கைக்கு வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டேயிருக்கும் உறவினர் ஒருவர் அநேகமாக எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார். அவருக்கு “இல்லை” என்று சொல்லி, அந்தச் சொல்லில் நிற்பது எப்படி என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ கூடியிருந்து வாசிப்பதற்கு ஏற்றவாறு பகுதி பகுதியாகத் தந்துள்ளோம்.

1. நமக்கு இது ஏன் கடினம்?

உறவினருக்கு “இல்லை” என்று சொல்ல எவருக்கும் நா எழாது. இடம்பெயர்ந்த மக்களாகிய நமக்கு அது இன்னும் கடினம். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல தென்மராட்சிக்கும் அங்கிருந்து வன்னிக்கும் வந்தபோது, உறவினரின் வளவுகளிலேதான் முதற் கொட்டிலைப் போட்டன. 2008 இலும் 2009 இலும் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்த நாட்களில் ரக்ரர் பெட்டியில் ஒரு மூலையும், ஒரு சுண்டு அரிசியும், பதுங்குகுழியில் இடமும் தந்தவர்கள் பெரும்பாலும் உறவினரே. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும்வரை கூடாரங்களிலும் உறவே உறவைத் தாங்கியது.

ஆகவே உறவினர் ஒருவர் வாசலில் வந்து நின்று கேட்கும்போது, அந்தப் பழைய நாட்கள் எல்லாம் அவரோடு சேர்ந்து வந்து நிற்கின்றன. “தரமாட்டேன்” என்ற சொல் நன்றிகெட்ட சொல்லாக நம் காதிலேயே ஒலிக்கிறது. இதனாலேதான் மனதில் விருப்பமில்லாமலும் கை கொடுத்துவிடுகிறது. கொடுத்தபின் வீட்டில் சண்டை. திருப்பிக் கேட்கும்போது உறவில் முறிவு. கடைகளில் எழுதி வைத்திருக்கும் “கடன் அன்பை முறிக்கும்” என்ற வாசகத்தை அநேகமாக எல்லா உறவு வட்டத்திலும் நாம் கண்டிருக்கிறோம்.

2. கேட்பதெல்லாம் ஒன்றல்ல

முதலில் இரண்டைப் பிரித்து அறிய வேண்டும். ஒன்று தேவை, மற்றது நச்சரிப்பு.

பசி, நோய், சாவு, வெள்ளம், மீண்டும் ஓர் இடப்பெயர்வு என்று வருகிறவருக்கு நாம் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறோம். அதைத் திரும்பி வருமென்று எதிர்பார்க்காமல் கொடுப்பதே நல்லது. இந்த வழக்கம் எமது சமூகத்தின் சொத்து. அதை இப்பாடம் குறைக்க வரவில்லை.

நச்சரிப்பு வேறு. அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. ஏற்கனவே பதில் சொல்லியாயிற்று; ஆனாலும் அதே கேள்வி திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் காரணம் மாறுகிறது. கேட்கும் பொருள் மாறுவதில்லை. நாம் கொடுத்தால் நம் குடும்பத்துக்கு என்ன நேரும் என்று அவர் ஒருமுறையும் விசாரிப்பதில்லை. இம்மூன்றும் சேர்ந்திருந்தால், அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், அதை நச்சரிப்பு என்று நம் மனதுக்குள் பெயரிட்டுக்கொள்ள வேண்டும்.

3. நச்சரிப்பு எப்படி வளர்கிறது?

“அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்” என்பது பழமொழி. அம்மி எத்தனையாவது அடியில் நகரும் என்று அடிப்பவருக்குத் தெரியாது. ஆனால் முன்பு ஒருமுறை நகர்ந்தது என்று தெரியும். அது போதும், அவர் அடித்துக்கொண்டே இருப்பார்.

அமெரிக்க உளவியலாளர் பி. எவ். ஸ்கின்னரும் அவரோடு பணியாற்றிய சார்ல்ஸ் பெர்ஸ்ரரும் புறாக்களை வைத்து இதை ஆராய்ந்து 1957 இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்கள். புறா ஒரு சிறு பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும்படி பெட்டி ஒன்று அமைக்கப்பட்டது. ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் கிடைத்துப் பழகிய புறா, தானியம் நின்றதும் விரைவில் கொத்துவதை விட்டுவிட்டது. சிலவேளை ஐந்தாம் கொத்துக்கும், சிலவேளை ஐம்பதாம் கொத்துக்கும் தானியம் கிடைத்துப் பழகிய புறாவோ, தானியம் நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டேயிருந்தது.

உறவினரைப் புறாவோடு ஒப்பிடுவது நமது நோக்கமன்று. ஆனால் இதிலுள்ள பாடம் கவனிக்கத்தக்கது. நாலு முறை “இல்லை” என்று சொல்லி ஐந்தாம் முறை கொடுக்கும்போது, “ஐந்து முறை கேட்டால் கிடைக்கும்” என்று கற்பிக்கிறோம். அடுத்த தடவை எட்டு முறை தாக்குப்பிடித்து ஒன்பதாம் முறை கொடுத்தால், ஒன்பது முறை கேட்கப் பழக்குகிறோம். அதாவது, நெடுநேரம் மறுத்துவிட்டுக் கடைசியில் விட்டுக்கொடுப்பது, முதற் கேள்விக்கே கொடுப்பதைவிடக் கூடிய கெடுதலைச் செய்கிறது. கொடுப்பதானால் முதலிலேயே மனதாரக் கொடுக்க வேண்டும். மறுப்பதானால் கடைசிவரை மறுக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பதே நச்சரிப்புக்கு உரம்.

4. கைவிடக் கூடாத ஐந்து பொருட்கள்

எல்லாவற்றுக்கும் “இல்லை” சொல்ல வேண்டியதில்லை. ஒரு கமக்காரக் குடும்பம் எக்காரணம் கொண்டும் பிறர் கையில் கொடுக்கக் கூடாதவை சிலவே. அவற்றை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பவருக்கு வாசலில் நின்று தடுமாற வேண்டி வராது.

விதைநெல்: தை, மாசியில் காலபோகம் வெட்டிச் சூடடித்து, காயவைத்துக் கட்டிய விதைநெல் புரட்டாதி, ஐப்பசிவரை ஏழெட்டு மாதம் வீட்டில் இருக்க வேண்டும். ஏக்கருக்கு 2 புசல் என்ற கணக்கில் 3 ஏக்கருக்கு 6 புசல், அதாவது ஏறக்குறைய 125 கிலோ. ஆவணியில் அதில் 2 புசலைக் கொடுத்தால் ஒரு ஏக்கர் விதைப்பில்லாமற் கிடக்கும். அந்த ஏக்கர் 60 புசல் தரக்கூடியது என்று வைத்துக்கொண்டால், நாம் கொடுத்தது 2 புசலா, 60 புசலா? 2021 இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு விளைச்சல் விழுந்த காலத்தையும் அதைத் தொடர்ந்து 2022 இல் வந்த விலையேற்றத்தையும் கண்டவர்களுக்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை.

கையெழுத்து: பிணைக் கையெழுத்தை ஒரு நற்சான்றுக் கடிதம் போலப் பலர் நினைக்கிறார்கள். கடனாளி கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்பதே அதன் பொருள். கடன் தவறும்போது வங்கி பிணையாளியிடம் வரலாம். கடன் தகவல் பணியகத்தின் பதிவிலும் பிணையாளியின் பெயர் இருக்கும். நாளை நமது பயிர்ச்செய்கைக் கடனுக்கு நாம் போகும்போது அது குறுக்கே நிற்கும். இதைவிட மோசமானது, “உன்ரை பேரிலை எடுத்துத் தா, கட்டுறது நான்” என்ற கேள்வி. 2009 இன் பின் வன்னிக்கு வந்த நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைச் சிறு குழுக்களாக்கி, ஒருவருக்கு ஒருவர் பொறுப்பாக வைத்துக் கடன் கொடுத்தன. கடன் சுமை எவ்வளவு பெருகியதென்றால், 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடனை மூன்று மாதங்களுக்கு மேல் கட்ட முடியாதிருந்த பெண்களின் கடனைத் தானே பொறுப்பேற்க அரசு தீர்மானித்தது. பணத்தைச் செலவழித்தவர் மைத்துனராக இருக்கலாம். கிழமைதோறும் வாசலுக்கு வருபவர் கையெழுத்திட்ட பெண்ணைத்தான் தேடி வருவார்.

காணிப் பத்திரம்: உருத்திரபுரம், வட்டக்கச்சி போன்ற குடியேற்றத்திட்டக் காணிகளும் வன்னியின் அரச காணிகள் பலவும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்துக்கோ அளிப்புக்கோ உட்பட்டவை. எழுத்துமூலமான அரச சம்மதமின்றி அவற்றைக் கைமாற்றினால் அது சட்டப்படி செல்லாது. “பத்திரத்தை ஒருக்காத் தாங்கோ, காட்டிப்போட்டுத் தாறன்” என்று கேட்பவரிடம் மூலப்பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். அவசியமானால் நாமே உடன் சென்று பிரதேச செயலகத்தில் காட்டலாம்.

நகை: “ஒரு மாதத்துக்கு வைச்சு எடுத்துத் தாறன்” என்று வாங்கிச் செல்லும் நகையின் அடகுச் சீட்டு அவர் பெயரில் இருக்கும். தவணை தப்பினால் நகை ஏலத்துக்குப் போகும். அதற்கான அறிவித்தலும் அவருக்கே வரும். நமக்குச் செய்தி தெரியும்போது நகை இராது.

ஒரு வேலைக்கென வந்த பணம்: 2012 முதல் இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. ஒரு கட்ட வேலை முடிந்தாலே அடுத்த கட்டப் பணம். அப்படி வரும் பணத்தில் ஒரு பகுதியைக் கைமாற்றாகக் கொடுத்தால் அத்திவாரம் பாதியில் நிற்கும், அடுத்த பணமும் நிற்கும். வாழ்வாதார உதவி, பயிரழிவு நட்டஈடு எதற்கும் இதே கணக்குத்தான்.

5. வரம்பு கட்டும் முறை

முதலாவது, வீட்டுக்குள் ஒரே சொல். கணவன் “இல்லை” என்றதை மனைவி பின்வாசலால் கொடுத்தாலும், மனைவி மறுத்ததை கணவன் சந்தியில் நின்று ஒத்துக்கொண்டாலும் வரம்பு உடைந்துவிடும். நச்சரிப்பவர் வீட்டின் இளகிய இடத்தை எப்படியோ கண்டுபிடித்து விடுவார். எனவே வளர்ந்த பிள்ளைகளையும் இருத்தி, எதைக் கொடுப்பது, எவ்வளவுவரை கொடுப்பது, எதைக் கொடுக்கவே கூடாது என்று முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள்.

இரண்டாவது, தெளிவான சொல். “பாப்பம்”, “இப்ப கையிலை இல்லை”, “அருவிவெட்டு முடியட்டும்” என்பவை மறுப்புகள் ஆகா. அவை தவணைகள். அருவிவெட்டு முடியட்டும் என்று சொன்னால், சூடடிக்கும் நாளில் அவர் களத்தில் வந்து நிற்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கும். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லலாம்:

“அண்ணை, இந்த நெல்லு விதைக்கு வைச்சது. இதிலை ஒரு கொத்தும் எடுக்கேலாது. வீட்டிலை சமைக்க இல்லையெண்டால் சொல்லுங்கோ, இரண்டு கொத்து அரிசி தாறன்.”

“மச்சான், ஆருக்கும் பிணை வைக்கிறேல்லை எண்டு நானும் மனிசியும் முடிவெடுத்திட்டம். உங்களுக்கு மட்டுமில்லை, என்ரை கூடப்பிறந்தவைக்கும் இதுதான் பதில்.”

இவ்விரண்டு பதிலிலும் மரியாதை இருக்கிறது, முறைச்சொல் இருக்கிறது, ஐயத்துக்கு இடமில்லை. முதலாவதில், கொடுக்கக் கூடியது எது என்பதும் சொல்லப்பட்டிருக்கிறது. வரம்பில் மடை வைப்பது போன்றது அது.

மூன்றாவது, காரணங்களை அடுக்காதிருத்தல். ஒவ்வொரு காரணமும் அவர் பிடித்துத் தொங்க ஒரு கிளை. “பிள்ளையின் படிப்புக்கு வைத்திருக்கிறேன்” என்றால், “அது தையிலைதானே, மார்கழிக்குள்ளை தந்திடுவன்” என்பார். ஒரு காரணம் போதும். மீண்டும் கேட்டால் புதுக் காரணம் தேடாமல், குரலை உயர்த்தாமல், “நேற்றுச் சொன்னதுதான் அண்ணை” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் கொடுத்து வேறு கதை பேசலாம். பத்தாம் முறைக்கும் அதே சொல், அதே குரல்.

நான்காவது, நாமாகக் கொடுத்தல். நச்சரித்ததற்காகக் கொடுப்பதை நிறுத்தும்போது, கேளாமலே கொடுப்பதைத் தொடங்க வேண்டும். அருவிவெட்டு முடிந்ததும் ஒரு மூட்டை நெல்லை நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாம்; பொங்கலுக்கோ நத்தாருக்கோ பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்துக் கொடுக்கலாம்; அவர் வயல் வேலைக்கு ஒரு நாள் கைமாறாக உழைத்துக் கொடுக்கலாம். அளவையும் நாளையும் நாம் தீர்மானிக்கிறோம். கேட்டுக் கேட்டு வாங்கியதில் இல்லாத அன்பு அதில் இருக்கும்.

6. அவர் உடனே விடமாட்டார்

வரம்பு கட்டிய முதல் மழைக்குத் தண்ணீர் முழுப் பலத்தோடும் மோதும். நச்சரிப்பும் அப்படியே. நாம் உறுதியாக நின்றதும் முதலில் அது கூடும். தொலைபேசி நாளுக்குப் பத்துத் தடவை அடிக்கும். கண்ணீர் வரும், கோபம் வரும். கொடுக்காவிட்டால் சாவேன் என்ற பேச்சும் சிலவேளை வரும். அந்தப் பேச்சை மட்டும் விளையாட்டாக எடுக்காமல், அவரைத் தனியே விடாமல், குடும்பத்தவருக்குச் சொல்லி, வைத்தியசாலையில் மனநலப் பிரிவின் உதவியை நாட வேண்டும். உயிரைக் காக்க ஓடிப்போவது கடமை. அதற்காகப் பிணையில் கையெழுத்து வைக்க வேண்டியதில்லை. மற்றபடி இந்தக் கூடுதல், நமது முறை பலிக்கத் தொடங்கியதன் அடையாளம். இந்த நாட்களில் இளகினால், இன்னும் பலமாக மோத வேண்டும் என்றே கற்பித்தவர்களாவோம்.

மூன்று விதமான தாக்குதல்களை எதிர்பார்த்திருங்கள்.

பழைய உதவியைச் சொல்லிக் காட்டுதல்: “தொண்ணூற்றாறிலை என்ரை வளவிலைதானே இருந்தனீங்கள்” என்பார். அது உண்மையாக இருந்தால் மறுக்கக் கூடாது. “ஓம் அண்ணை, அதைச் சாகும்வரை மறக்கமாட்டம். அதுக்குச் செய்ய வேண்டியதை நாங்கள் செய்வம். ஆனால் காணி உறுதியிலை கையெழுத்து வைக்கமாட்டம்” என்று இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நன்றிக்கடன் பெரியது. ஆனால் நம் பிள்ளைகளின் காணியை அதற்கு ஈடாக வைக்க நமக்கு உரிமையில்லை.

மூன்றாமவரை அனுப்புதல்: வயதான தாயாரோ, மாமியாரோ, வெளிநாட்டிலிருக்கும் சகோதரரோ தூது வருவார்கள். அவர்களுக்கும் அதே சொல்லை அதே மரியாதையோடு சொல்லுங்கள். தூது வந்தவருக்காக ஒருமுறை கொடுத்தால், அடுத்த முறை தூதே முதலில் வரும்.

மிரட்டல்: ஆண் துணையில்லாமல் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்களுக்கு இது கூடுதலாக நேர்கிறது. மைத்துனரோ கணவரின் உறவினரோ இரவில் குடித்துவிட்டு வந்து கேட்பதுண்டு. அத்தகையவரோடு தனியே பேச்சு வைக்க வேண்டாம். “நாளைக்குக் காலமை வாங்கோ, பக்கத்து வீட்டு ஐயாவையும் வைச்சுக் கதைப்பம்” என்று கதவுக்கு உள்ளே நின்றே சொல்லுங்கள். குடிப்பவர் கையில் காசு கொடுக்காமல், அவர் வீட்டுக்கு அரிசி, பருப்பு என்று பொருளாகக் கொடுங்கள். மிரட்டலோ அடியோ வந்தால் அது குடும்ப விடயம் என்று மூடி வைக்கக் கூடாது. கிராம அலுவலர், பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், பொலிஸ் ஆகியோருக்கு அறிவிக்கலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். கொடுத்த கடன் பற்றிய பிணக்கை, 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைக்குக் கொண்டு செல்லலாம், சட்டத்தரணி தேவையில்லை.

7. ஏற்கனவே கொடுத்துவிட்டவர்கள்

“இதுவரை கொடுத்துப் பழக்கிவிட்டோம், இனி என்ன செய்வது?” என்று பலர் கேட்கிறார்கள். போனதைக் கணக்கு வைத்துச் சண்டை பிடிப்பதால் பயன் குறைவு. ஒரு நாளைத் தெரிந்தெடுத்து, அவர் கேட்க வராத நேரத்தில், நாமே அவர் வீட்டுக்குப் போய் அமைதியாகச் சொல்லலாம்: “அண்ணை, இனிமேல் நாங்கள் காசு கைமாற்றுக் குடுக்கிறேல்லை எண்டு முடிவெடுத்திட்டம். முந்தித் தந்ததை நீங்கள் ஏலுமான நேரம் ஏலுமானதைத் தாங்கோ. வாறபோறதை நிப்பாட்டாதையுங்கோ.” கேட்க வந்த இடத்தில் மறுக்கப்படுவது ஒருவருக்கு அவமானம், கேட்பதற்கு முன்பே அறிந்துகொண்டால் அவருக்கும் முகம் காக்கப்படும்.

சிலர் சில மாதங்கள் வராமல் விடுவார்கள். அப்போதும் நல்லது கெட்டதுக்கு நாம் போக வேண்டும். செத்தவீட்டுக்கும் சாமத்தியவீட்டுக்கும் நாம் தொடர்ந்து போய்வந்தால், நாம் மறுத்தது காசை மாத்திரமே என்பது அவருக்கும் ஊருக்கும் விளங்கும்.

கலந்துரையாடுவதற்கு

1. சென்ற ஆண்டில் உங்கள் குடும்பம் மனமில்லாமல் கொடுத்தது எது? எத்தனையாவது கேள்விக்குக் கொடுத்தீர்கள்?

2. மேலே கூறிய ஐந்து பொருட்களோடு உங்கள் ஊருக்கு ஏற்றவாறு வேறெதைச் சேர்ப்பீர்கள்? நீர் இறைக்கும் இயந்திரம், பசு, மருந்து தெளிகருவி ஆகியவற்றை இரவல் கொடுப்பதற்கு என்ன ஒழுங்கு வைக்கலாம்?

3. “பாப்பம்” என்று நாம் சொல்வது எந்தெந்த வேளைகளில்? அதற்குப் பதிலாக என்ன சொல்லலாம்? இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் கேட்பவராகவும் மற்றவர் மறுப்பவராகவும் ஐந்து முறை பேசிப் பழகுங்கள்.

4. கேளாமலே கொடுக்கக் கூடியதாக, இந்தக் காலபோகம் முடிந்ததும் யாருக்கு என்ன கொடுப்பீர்கள்? வீட்டில் பேசித் தீர்மானித்து, அதற்குரிய நெல்லை விதைநெல்லிலிருந்து வேறாகக் கட்டி வையுங்கள்.